ராயபுரத்தின் வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: வாசகி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதி நூலகத்தில் வாசகர் வட்டம் ஒன்று சில ஆண்டுகளாக இயங்கி வருகிறது. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நால்வர், துறைமுகத்தில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர், கல்லூரி மாணவியர் மூவர், இல்லத்தரசியாகிய நான் என மொத்தம் ஒன்பது பேர். ராயபுரத்தின் வரலாற்றை 24 பக்கத்தில் ஒரு சிறு நூலாக எழுதி, அக்கம்பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். முதல் அத்தியாயம் என் தலையில் விழுந்தது. எழுத உட்கார்ந்த பிறகுதான் நான் எவ்வளவு தெரியாதவள் என்பது எனக்கே தெரிந்தது.

முதல் சிக்கல் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. விஜயநகர ராயர்கள் காலத்தில் ஏற்பட்ட ஊர் என்பதால் ராயபுரம் என்கிறார் ஒரு ஆசிரியர். வெள்ளைக்காரர்கள் ‘ராயல்’ என்று வைத்த பெயரை நம் மக்கள் ராயபுரம் ஆக்கிக்கொண்டார்கள் என்கிறார் இன்னொருவர். துறைமுகத்துப் பெரியவரோ, இது மாதா கோயில் வழியாக வந்த பெயர் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, விளக்கம் கேட்டால் சிரிக்கிறார். மூவரும் வயதில் மூத்தவர்கள். யாரையும் மறுத்துப் பேசும் துணிவு எனக்கு இல்லை.

இரண்டாவது, நூலை ரயில் நிலையத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று பெரும்பாலோர் விரும்புகிறார்கள். ராயபுரம் என்றாலே வெளியூர்க்காரர்களுக்கு அந்தத் தூண் வைத்த கட்டடம்தான் நினைவுக்கு வருகிறது என்பது உண்மைதான். ஆயினும் ரயில் வருவதற்கு முன்பே இங்கே மனிதர்கள் வாழ்ந்திருப்பார்கள் அல்லவா? அவர்கள் யார், என்ன தொழில் செய்தார்கள், அந்தத் தொழில் இன்று எங்கே போயிற்று என்று எழுதாமல் கட்டடத்தை மட்டும் எழுதினால், அது சுற்றுலாக் கையேடு போல ஆகிவிடும் என்று அஞ்சுகிறேன்.

பழைய வரைபடம் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று ஓர் அலுவலகத்துக்குப் போனேன். மூன்று மேசைகளுக்கு அனுப்பி, கடைசியில் முதல் மேசைக்கே திரும்பி வரச் சொன்னார்கள். ஆகவே உங்களைக் கேட்கிறேன். இந்தப் பகுதியை அறிந்தவர்கள், அறிந்ததை அறிந்தபடி எழுதினால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி 1: துடுப்பு

அம்மா, உங்கள் துறைமுகத்துப் பெரியவர் சொன்னதே சரி. அவர் சிரித்ததற்கும் காரணம் இருக்கிறது.

இயேசுவின் சீடராகிய புனித பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் முற்காலத்தில் இராயப்பர் என்றுதான் வழங்கினார்கள். பவுல் சின்னப்பர் ஆனார். யோவான் அருளப்பர் ஆனார். யோசேப்பு இன்றும் சூசையப்பராகவே இருக்கிறார். இப்போதைய விவிலிய மொழிபெயர்ப்பில் பேதுரு என்றே வருவதால், இளைய தலைமுறைக்கு இராயப்பர் யார் என்பது தெரியாமல் போய்விட்டது. அந்த வெற்றிடத்தில்தான் விஜயநகர ராயரும் வெள்ளைக்காரரின் ராயலும் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். இங்குள்ள புனித இராயப்பர் ஆலயம் 1829-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதைக் கட்டியவர்கள் குருகுல வம்சத்தார் என்று அழைக்கப்பட்ட படகோட்டிகள். பேதுருவே வலை வீசிப் பிழைத்த மீனவர் என்பதால், கடலை நம்பி வாழ்ந்தவர்கள் அவரைத் தங்கள் காவலராகக் கொண்டதில் வியப்பில்லை. ஆக, ஊரின் பெயரே படகுக்காரர்களின் காவலரிடமிருந்து வந்தது. உங்கள் முதல் அத்தியாயமும் படகிலிருந்து தொடங்குவதே முறை என்பது என் கருத்து. நான் அந்தக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், என் சாய்வு உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

சென்னைக்கு இயற்கையான துறைமுகம் கிடையாது என்பதைப் பிள்ளைகளுக்கு முதலில் விளக்க வேண்டும். கோட்டை கட்டி இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் கப்பல்கள் கரைக்கு வர வழியில்லை. அவை ஆழக் கடலிலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். கப்பலுக்கும் கரைக்கும் இடையே அடுக்கடுக்காக உடையும் அலைகள். அந்த அலைகளைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கொண்டு வந்து சேர்த்தது மசூலாப் படகு. புதிதாகப் பதவியேற்க வந்த ஆளுநரானாலும் சரி, துணிப் பொதியானாலும் சரி, ஒயின் பீப்பாயானாலும் சரி, கடைசி ஒரு மைல் எங்கள் ஆட்கள் கையில்தான் இருந்தது. கடல் மிகவும் சீறும் நாட்களில் மசூலாவும் போகாது. அப்போது கட்டுமரத்தில் ஒருவரோ இருவரோ மட்டும் கடிதங்களை எடுத்துக்கொண்டு கப்பலுக்குப் போய் வருவார்கள்.

மசூலாவின் சிறப்பு அது தைத்த படகு என்பதே. பலகைகளை ஆணி அடித்து இணைக்காமல், ஓரங்களில் துளையிட்டு, தென்னை நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு அந்த அலையில் தரை தட்டினால் பிளந்துவிடும். தைத்த படகு நெளிந்து கொடுக்கும். நீர் கொஞ்சம் உள்ளே கசியும், அதை இறைத்துக்கொண்டே போக வேண்டும், அவ்வளவுதான். நீண்ட கழியின் நுனியில் முட்டை வடிவப் பலகை ஒன்றைக் கட்டியதுதான் துடுப்பு. அப்படிப்பட்ட துடுப்புப் பலகை ஒன்று எங்கள் பாட்டி வீட்டில் அரிசிப் பானைக்கு மூடியாக இருந்தது. நடுவில் இரண்டு துளைகள், கயிறு உராய்ந்து உராய்ந்து அவற்றின் விளிம்பு வழவழவென்று தேய்ந்திருக்கும். சிறுவனாக இருந்தபோது அந்தத் துளைகளில் விரலை விட்டு ஆட்டி, பானையைத் திறந்து போட்டுவிட்டதாகப் பாட்டியிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். அது என்ன பலகை என்று அவர் சொன்னது நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான்.

இந்தத் தொழில் ஒரே நாளில் போய்விடவில்லை. முதலில், 1861-இல் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் ஒன்றைக் கட்டினார்கள். பிறகு 1875-இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இரு கைகளைப் போல நீட்டி எழுப்பிய அலைத்தடுப்புச் சுவர்கள் முடியும் தறுவாயில், 1881 நவம்பரில் அடித்த புயல் அவற்றைச் சிதைத்துப் போட்டது. மறுபடியும் கட்டி முடிக்க 1896 ஆகிவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் பொறுப்பேற்று, கிழக்கே இருந்த நுழைவாயிலை அடைத்து வடகிழக்கில் திறந்துவிட்ட பிறகுதான் அது உண்மையிலேயே துறைமுகம் என்று சொல்லத் தக்கதாயிற்று. கப்பல் சுவரோரம் வந்து நிற்கத் தொடங்கியபின் மசூலாவுக்கு என்ன வேலை? படகோட்டிகளின் பிள்ளைகள் அதே துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனார்கள். எங்கள் வீட்டில் இன்றும் அதைத் துறைமுகம் என்று யாரும் சொல்வதில்லை, ‘ஆர்பர்’ என்பதே வழக்கு.

இத்துடன் நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. சென்னைக் கடற்கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். துறைமுகச் சுவர் குறுக்கே வந்ததும், நகர்ந்து வந்த மணல் சுவருக்குத் தெற்கே தேங்கியது. அப்படித் தேங்கியதால் அகன்றதுதான் இன்று எல்லோரும் காற்று வாங்கப் போகும் மெரினா. வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை. ஆனால் அலை வழக்கம்போல எடுத்துக்கொண்டே போனது. ராயபுரம், காசிமேடு தொடங்கி வடக்கே வெகுதூரம் வரை கரை கரைந்தது. வலை உலர்த்திய இடம், படகு ஏற்றிய இடம், பிள்ளைகள் சடுகுடு விளையாடிய இடம் என்று பாட்டி கை நீட்டிக் காட்டும் திசையில் கருங்கல்லும் தண்ணீரும்தான் இருந்தன. கல் கொட்டிச் சுவர் எழுப்பியதும், கரையைக் காக்கக் கடலுக்குள் நீட்டிப் போடும் கற்சுவரான தூண்டில் வளைவு கேட்டு மீனவர்கள் மனுக் கொடுப்பதும் பின்னால் வந்த கதை. நகரத்தின் ஒரு பக்கத்துக்குக் கிடைத்த கடற்கரை, இன்னொரு பக்கத்திலிருந்து போனது. இந்த ஒரு செய்தி உங்கள் நூலில் இருந்தே ஆக வேண்டும். 24 பக்கத்தில் ஒரு பக்கத்தை இதற்கென்று ஒதுக்குங்கள்.

மறுமொழி 2: தண்டவாளம்

துடுப்பு ஐயா எழுதியதைப் படித்து நெகிழ்ந்தேன். இருந்தாலும் ரயில் நிலையத்தை இரண்டாம் வரிசைக்குத் தள்ள என் மனம் ஒப்பவில்லை. அது இருக்கட்டும், முதலில் நிலையத்தைப் பற்றி ஊரில் உலவும் இரண்டு பிழைகளைச் சொல்லிவிடுகிறேன், நூலில் அவை ஏறிவிடக் கூடாது.

இந்தியாவின் முதல் ரயில் நிலையம் ராயபுரம் என்று சிலர் பெருமையாகச் சொல்கிறார்கள். அது தவறு. பம்பாயிலிருந்து தாணேவுக்கு 1853-இல் வண்டி ஓடிவிட்டது. ஹௌராவிலிருந்து 1854-இல் ஓடியது. ராயபுரம் 1856-இல்தான் வருகிறது. ஆனால் பம்பாயிலும் ஹௌராவிலும் அந்த முதல் கட்டடங்கள் இன்று இல்லை. எனவே இன்றும் நிற்கும் நிலையக் கட்டடங்களில் மிகப் பழையது என்ற பெருமை ராயபுரத்துக்கு உண்டு. முதலாவது என்பதைவிட இதுவே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இரண்டாவது பிழை, சென்னையில் தண்டவாளம் போடப்பட்டதே அப்போதுதான் என்பது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1830-களில், செங்குன்றத்திலிருந்து சாலைக்கான கல்லை ஏற்றி வர ஒரு சிறு இருப்புப் பாதை இருந்தது. அது சரக்குக்கு மட்டுமான பாதை, நெடுநாள் நீடிக்கவும் இல்லை. ஆனாலும் பயணிகள் ரயில் என்று தெளிவாகக் குறிப்பிட்டு எழுதினால் வம்பு இல்லை.

ஆளுநர் ஹாரிஸ் பிரபு 1856 ஜூன் 28 அன்று ராயபுரம் நிலையத்தைத் திறந்து வைத்தார். ஜூலை 1 முதல் வாலாஜா ரோடு வரை, ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தொலைவுக்கு, பொதுமக்களுக்கான வண்டிகள் ஓடத் தொடங்கின. துடுப்பு ஐயா சொன்ன செய்தியுடன் இதைச் சேர்த்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. புனித இராயப்பர், சின்னப்பர் திருநாள் ஜூன் 29. ஆக, இராயப்பரின் பெயர் தாங்கிய ஊரில் அவருடைய திருநாளுக்கு முந்தைய நாளில் ரயில் வந்திருக்கிறது. வெறும் தற்செயலாகத்தான் இருக்கும். ஆனால் ஆளுநரும் விருந்தினர்களும் வண்டியேறிய அந்த நாளில், சற்றுத் தள்ளி ஆலயத்தில் படகோட்டிகள் திருநாளுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்க எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்த இடத்தை ஏன் தேர்ந்தார்கள் என்பதற்கு வரைபடமே விடை சொல்லும். கோட்டையும் வணிகர் நிறைந்த பட்டணமும் ஒரு பக்கம், கப்பல் சரக்கு இறங்கும் கரை இன்னொரு பக்கம், மதிலுக்கு வெளியே விசாலமான இடம். 1873-இல் சென்ட்ரல் நிலையம் வந்ததும் ராயபுரத்தின் தலைமை இடம் கைமாறத் தொடங்கியது. பிற்காலத்தில் கட்டடம் கவனிப்பாரற்றுப் போய், 2005-இல் சீரமைக்கப்பட்டது. இன்று அதன் வழியே புறநகர் மின்சார ரயில்கள் போய் வருகின்றன. பிள்ளைகளைக் கடற்கரை நிலையத்திலிருந்து ஒரே ஒரு நிலையம் ரயிலில் அழைத்து வந்து இறக்குங்கள். கொரிந்தியத் தூண்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வெளியே வந்தவர்களுக்கு மதிப்பெண்ணுக்காகப் படித்த 1856 அப்புறம் மறக்காது.

மறுமொழி 3: கல்மண்டபம்

வாசகி அவர்கள் மதிலை மறந்துவிட வேண்டாம். லாலியின் தலைமையில் பிரெஞ்சுப் படை 1758-59-இல் முற்றுகையிட்டதும், அதன் பிறகு ஹைதர் அலியின் குதிரைகள் நகரத்தின் எல்லை வரை வந்து போனதும் கம்பெனிக்கு உறக்கத்தைக் கெடுத்தன. அதனால் கறுப்பர் நகரத்தை, அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனை, சுற்றி எழுப்பிய மதில் 1772-இல் முடிந்தது. அந்தச் செலவுக்கென்று மக்கள் மேல் போட நினைத்த வரியின் பெயர் வால்டாக்ஸ் சாலையில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மதிலின் வடக்குப் பக்கத்துக்கு வெளியே வளர்ந்த ஊர்தான் ராயபுரமும் வண்ணாரப்பேட்டையும். மதிலில் எஞ்சிய ஒரு துண்டின் மேல் பூங்கா அமைத்திருக்கிறார்கள். பழைய சிறைச்சாலைச் சாலைப் பக்கம் மாடிப் பூங்கா என்று கேட்டால் காட்டுவார்கள். தரையிலிருந்து படியேறிப் போகும் பூங்கா என்பதால் அந்தப் பெயர். அங்கே மாலையில் நடைப்பயிற்சி செய்பவர்களில் பலருக்குத் தாங்கள் ஒரு கோட்டைச் சுவரின் மேல் நடக்கிறோம் என்று தெரியாது.

அடுத்தது கஞ்சித் தொட்டி. எங்கள் அம்மா ஸ்டான்லி மருத்துவமனை என்று ஒருநாளும் சொன்னதில்லை. ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’தான். 1782-ஐ ஒட்டிய பஞ்சத்தில் பசியோடு நகரத்துக்கு வந்து குவிந்த மக்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து கிளைத்து வளர்ந்த மருத்துவமனை அது. ராயபுரம் மருத்துவப் பள்ளி பிறகு ஆளுநர் ஸ்டான்லியின் பெயரைப் பெற்றது, 1938-இல் கல்லூரி ஆயிற்று. சத்திரமோ முதியோர் இல்லமாக இன்றும் நடக்கிறது. பேராசிரியர்கள் வைத்த பெயர் பலகையில் இருக்கிறது. பசித்தவர்கள் வைத்த பெயர் ஷேர் ஆட்டோக்காரர்கள் வாயில் இருக்கிறது.

அரசியல் வரலாறு என்றால் ராபின்சன் பூங்கா. 1949 செப்டம்பர் 17 அன்று பவளக்காரத் தெருவில் கூடி முடிவெடுத்து, மறுநாள் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் நடந்த பொதுக்கூட்டத்தில் தி.மு.க.வின் தொடக்கத்தை அண்ணா அறிவித்தார். இதை எல்லாக் கட்சிக்காரர்களும் நிறையவே எழுதியிருக்கிறார்கள் என்பதால் நீங்கள் இரண்டு வரியில் முடித்துக்கொள்ளலாம்.

மறுமொழி 4: மேற்கு மாதா கோயில் தெரு

இதுவரை வந்த பதில்கள் எல்லாம் பழைய காலத்தைப் பற்றியவை. வாசகி ‘மனிதர்கள்’ என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் எழுதுகிறேன்.

எங்கள் தெருவின் பெயர் மாதா கோயிலை வைத்து வந்தது. அதே தெருவில்தான் பார்சிகளின் அக்னி ஆலயம் இருக்கிறது. தமிழ்நாட்டிலேயே அவர்களுக்கு இருக்கும் ஒரே அக்னி ஆலயம் இது. பார்சிகள் சென்னைக்கு 1795 வாக்கில் வந்து சேர்ந்தவர்கள். ராயபுரத்தில் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். தம் மகன் ஜால் இளவயதில் இறந்துபோன துயரில் ஃபிரோஸ் க்ளப்வாலா என்னும் செல்வர் கட்டிக் கொடுத்த இந்த ஆலயம் 1910-இல் திறக்கப்பட்டது. பிற சமயத்தார் உள்ளே போகக் கூடாது என்பது அவர்களுடைய முறை. எங்கள் தெருப் பிள்ளைகள் பந்து உள்ளே விழுந்தால் வாசலில் நின்று குரல் கொடுப்பார்களே தவிர, ஒருவரும் சுவரேறிக் குதித்ததில்லை. சமூக சேவையில் பெயர் பெற்ற மேரி க்ளப்வாலா ஜாதவ் அந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தவர்தான். சற்றுத் தள்ளி இருக்கும் அரத்தூன் சாலையின் பெயர் அர்மீனியப் பெயர். இராயப்பர், அக்னி ஆலயம், அர்மீனியர், கல்மண்டபத்து அங்காளபரமேஸ்வரி என்று அரை மணி நேர நடைக்குள் எல்லாம் வந்துவிடுகிறது. மாசி மாதம் மயானக் கொள்ளை நாளில் அங்காளம்மன் கோயில் பக்கம் நடந்து போவதே கடினம். அதையும் பிள்ளைகள் எழுதட்டும், அவர்களுக்குத்தான் அது நன்றாகத் தெரியும்.

இன்றைய ராயபுரத்தின் கடிகாரம் காசிமேட்டில் இருக்கிறது என்பேன். 1980-களில் மீன்பிடித் துறைமுகம் வந்த பிறகு, மீன் வாங்க நகரத்தின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் இங்கே வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் ஒருமுறை போய்ப் பாருங்கள். விசைப்படகிலிருந்து கூடை கூடையாக இறங்கும். ஏலம் விடுபவர் ஒரு கூடையின் மேல் தண்ணீரை அடித்து ஊற்றிவிட்டு விலை சொல்லத் தொடங்குவார். அவர் குரல் ஒரு மூச்சில் ஏறி அடுத்த மூச்சில் அடுத்த கூடைக்குத் தாவிவிடும். யார் எடுத்தார்கள் என்பது பழகாத கண்ணுக்குப் பிடிபடாது, ஏனென்றால் எடுப்பவர் வாய் திறப்பதில்லை, புருவத்தை மட்டும் அசைப்பார். எடுத்த அம்மா ஐஸ் பெட்டியைத் தள்ளிக்கொண்டு அப்புறம் போய்விடுவார். வஞ்சிரம் வாங்க வந்து விலை கேட்டதும் சங்கராவோடு திரும்புகிறவர்கள் பாதிப் பேர், அவர்களில் நானும் ஒருத்தி.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த இரண்டு மாதமும் இந்தப் பகுதியின் முகமே மாறிவிடும். படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள், சாயம் பூசுவார்கள். பந்தலுக்குக் கீழே கால் விரலில் கண்ணியை மாட்டிக்கொண்டு ஆண்கள் வலை பின்னிக்கொண்டிருப்பார்கள். கரையோரமாகப் போகும் ஃபைபர் படகுகளின் மீன் மட்டும் வரும், விலை எட்டாத உயரத்தில் இருக்கும். கடன் வாங்குவதும் நகை அடகுக்குப் போவதும் அந்தக் காலத்தில்தான். தடை முடிந்து படகுகள் புறப்படும் நாளில் கற்பூரம் ஏற்றி, தேங்காய் உடைத்து அனுப்புவார்கள். அதிலிருந்து இரண்டு வாரத்தில் இராயப்பர் திருநாள் வருகிறது. தண்டவாளம் அவர்கள் ஜூன் 28-ஐப் பற்றி எழுதியதைப் படித்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது: கையில் காசு புழங்கத் தொடங்கும் நேரத்தில் திருநாள் வருவது இங்கே பல வீடுகளுக்கு ஆறுதல்.

இன்னும் ஒன்று, கேரம். தெரு முனையில் தகரக் கூரை, நடுவில் தொங்கும் ஒரு விளக்கு, போரிக் பவுடர் வாசனை, சுற்றிலும் நின்று வேடிக்கை பார்ப்பவர்கள். வெட்டிப் பேச்சு பேசும் இடம் என்று பல வீடுகளில் இதைத் திட்டித் தீர்ப்பார்கள். பக்கத்துப் புதுவண்ணாரப்பேட்டையிலிருந்து அப்படிப்பட்ட பலகைகளில் ஆடி வளர்ந்த காசிமா, 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கப் பதக்கங்களோடு திரும்பி வந்தபின் திட்டு கொஞ்சம் குறைந்திருக்கிறது. அவர் ஆட்டோ ஓட்டுநரின் மகள் என்பதையும் எழுதுங்கள். வடசென்னை என்றதும் அரிவாளை மட்டுமே காட்டிப் பழகியவர்களுக்கு இந்தப் பக்கம் ஒரு பதிலாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

வாசகி (மீண்டும்)

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை வாசகர் வட்டத்தில் எல்லாப் பதில்களையும் உரக்கப் படித்தேன். மசூலாப் படகைப் பற்றிய பகுதி வந்தபோது துறைமுகத்துப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவருடைய தாத்தாவும் படகோட்டியாம். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, யாரும் கேட்கவில்லையே என்றார்.

முதல் அத்தியாயம் படகிலிருந்தும் பெயரிலிருந்தும் தொடங்கும். இரண்டாவது, மணல் தெற்கே தேங்கிய கதை. ரயில் நிலையம் மூன்றாவது. தண்டவாளம் அவர்கள் மன்னிக்க வேண்டும், ஆனால் அட்டைப் படம் நிலையத்தின் தூண்கள்தான். மதிலும் கஞ்சித் தொட்டியும் ஓர் அத்தியாயம். கடைசி ஆறு பக்கங்களைப் பிள்ளைகளே எழுத வேண்டும் என்று வெற்றுக் கோடுகளாக விட்டுவிடத் தீர்மானித்திருக்கிறோம். அவரவர் தெருவின் பெயர், அவரவர் வீட்டுத் தொழில், திருநாள், தடைக்காலம் எல்லாம் அங்கே வரட்டும். விஜயநகர ராயர்தான் என்று ஆசிரியர் இன்னும் பிடிவாதமாக இருக்கிறார். அதை ‘ஊரில் சொல்லப்படும் கதைகள்’ என்ற கட்டத்துக்குள் போடுவதற்கு மட்டும் சம்மதித்திருக்கிறார்.

துடுப்பு ஐயா, ஒரு வேண்டுகோள். அந்த அரிசிப் பானை மூடி இன்னும் இருக்கிறதா? இருந்தால் ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ள அனுமதிப்பீர்களா?

துடுப்பு

இருக்கிறது அம்மா. பாட்டி காலமான பிறகு அது அத்தை வீட்டுக்குப் போய்விட்டது. நேற்றிரவே தொலைபேசியில் கேட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நூலகத்துக்குக் கொண்டு வருகிறேன். மாலைக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அதுவரை பானையின் மேல் தட்டைக் கவிழ்த்து வைத்திருப்பேன், எலி வரும் என்று அத்தை நிபந்தனை போட்டிருக்கிறார்.